‘ஃப்ரீ’: உறவிலிருந்து பிறந்த விடுதலை

‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் ‘பிறீ’ என்று ஒலிக்கத் தொடங்கிப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. மட்டக்களப்பு வாவியின் வட அந்தலையில், மட்டக்களப்பு–திருகோணமலை நெடுஞ்சாலையோரம் அமைந்த ஏறாவூரில் அச்சொல் இன்று குறைந்தது நான்கு பொருள்களில் வழங்குகிறது. வேலை ஓய்ந்திருப்பவர் ‘பிறீயாக’ இருக்கிறார், இரண்டு சவர்க்காரம் வாங்குபவருக்கு மூன்றாவது ‘பிறீயாக’க் கிடைக்கிறது, சிறியவர் பெரியவர் என்று பாராமல் எவரோடும் மனம்விட்டுப் பேசுபவர் ‘பிறீயாகப் பழகுகிறவர்’ எனப்படுகிறார், வளைகுடா நாடொன்றுக்குப் புறப்படும் இளைஞர் ‘பிறீ விசா’வில் போகிறார். இந்நான்கிலும் மூன்றாவதே, அதாவது மனம்விட்டுப் பழகுதல் என்பதே, சொல்லின் பிறப்புப் பொருளுக்கு மிக அண்மையில் நிற்கிறது என்பதும், நான்காவது அப்பொருளிலிருந்து மிகத் தொலைவில் நிற்கிறது என்பதும் சொல்லின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வோருக்குத் தெளிவாகும்.

ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’, பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரேயோ’ என்று வழங்கியது. ஜேர்மன் மொழியின் ‘ஃப்ரை’, ஒல்லாந்து மொழியின் ‘வ்ரை’ ஆகியன அதன் உடன்பிறப்புகள். இவை அனைத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்த மொழியியலாளர்கள், இவற்றின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் மூலமொழியில் ‘அன்பு கொள்’ என்று பொருள்படும் வினையடி என்று நிறுவியுள்ளனர். அந்த அடியிலிருந்தே வடமொழியின் ‘ப்ரிய’ என்ற சொல்லும் வந்தது. தமிழர் அன்றாடம் ‘பிரியம்’ என்று சொல்லும்போது, ஆங்கிலேயரின் ‘ஃப்ரீ’க்குத் தூரத்து உறவான ஒரு சொல்லையே வழங்குகின்றனர். பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரேயோகன்’ என்ற வினைச்சொல் ‘அன்பு செய்’ என்றும் ‘விடுவி’ என்றும் இரு பொருளையும் தாங்கியது. நண்பரைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ என்பது தொடக்கத்தில் ‘அன்பு கொண்டிருப்பவர்’ என்ற வினையாலணையும் பெயரே. வெள்ளிக்கிழமைக்குரிய ‘ஃப்ரைடே’ என்ற பெயரில் இருப்பவள் ‘ஃப்ரிக்’ என்ற வடஐரோப்பியப் பெண் தெய்வம். அவள் பெயரும் இதே அன்பின் வேரிலிருந்து வந்தது. உரோமர் அந்நாளைத் தம் காதல் தெய்வமான வீனஸின் நாளென்றனர். வீனஸ் என்ற கோளைத் தமிழர் வெள்ளி என்றழைப்பதால், தமிழின் வெள்ளிக்கிழமையும் அந்த வரிசையிலேயே சேர்கிறது.

‘அன்புக்குரியவர்’ என்ற சொல் ‘கட்டுப்படாதவர்’ என்ற பொருளை எவ்வாறு பெற்றது என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது. பண்டைய ஜேர்மானியக் குலங்களில் ஒரு தலைவனின் மனைக்குள் இருவகையினர் வாழ்ந்தனர். ஒருவகையினர் பிறப்பாலும் மணத்தாலும் அவனுக்கு உறவானோர். மற்றையோர் போரில் பிடிபட்டோ விலைக்கு வாங்கப்பட்டோ வந்த அடிமைகள். உறவானோர் ‘பிரியத்துக்குரியோர்’ என்ற சொல்லால் சுட்டப்பட்டனர். அச்சொல்லே நாளடைவில் ‘அடிமையல்லாதார்’ என்ற சட்டப் பொருளைப் பெற்றது. ஆகவே ஒருவர் ‘ஃப்ரீ’யாக இருந்தார் என்றால், அவர் எவருக்கும் கடமைப்படாமல் தனித்து நின்றார் என்று அக்காலத்தார் விளங்கிக்கொள்ளவில்லை, தமக்குரியவர்கள் நடுவே, அவர்கள் காவலில், அவர்களில் ஒருவராக எண்ணப்பட்டார் என்றே விளங்கிக்கொண்டனர். அடிமையின் பெருங்குறை அவன் செய்த வேலையைவிட, அவனுக்காகப் பரிந்து பேச ஓர் உறவு இல்லாமையே.

இப்பொருள் வளர்ச்சி ஜேர்மானிய மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் ‘லீபெர்’ என்றால் கட்டற்றவன். அதன் பன்மையான ‘லீபெரி’ வீட்டுப் பிள்ளைகளைக் குறித்தது. பாரசீகத்தின் ‘ஆஸாத்’, முஸ்லிம் ஊர்களில் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயராகத் தமிழர் அனைவருக்கும் பழக்கமானது. அதன் பழைய ஈரானிய வடிவத்தின் பொருள் ‘குலத்தினுள் பிறந்தவர்’ என்பதாகும். தமிழின் வழி சற்று வேறானது. ‘விடு’ என்ற வினையடியிலிருந்து ‘விடுதலை’ பிறந்தது. அதே அடியிலிருந்து ‘வீடு’ என்ற சொல்லும் பிறந்து, மனிதர் குடியிருக்கும் மனையையும், அறம் பொருள் இன்பம் ஆகியவற்றுக்கு அப்பால் வைக்கப்பட்ட ஆன்ம விடுதலையையும் ஒருசேரக் குறித்து நிற்கிறது. மனையையும் விடுதலையையும் ஒரே சொல்லில் வைத்த மொழியினருக்கு, ஆங்கிலச் சொல்லின் உள்ளே ஒரு மனை இருப்பது வியப்பாகத் தோன்ற வேண்டியதில்லை.

‘ஃப்ரீ’யின் சுற்றத்தில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். அன்பைக் குறித்த அந்த வேர், ஜேர்மானிய மொழிகளில் அமைதியையும் குறித்தது. ஜேர்மனியர் இன்றும் அமைதியை ‘ஃப்ரீடன்’ என்கின்றனர். ஒருவரை அந்த அமைதிக்கு வெளியே தள்ளுவதைக் குறித்த ஒரு வினைச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ‘அஃப்ரேய்ட்’, அதாவது ‘அச்சமுற்ற’ என்ற சொல்லாயிற்று. அச்சமுற்றவர் என்பவர், சொல்லின் மூலப்பொருளின்படி, அமைதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். விடுதலையும் அச்சமின்மையும் ஒரே வேரில் கிளைத்தவை என்ற இச்செய்தி, மட்டக்களப்பின் அண்மைக் கால வரலாற்றைப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இச்சொல்லின் உறவுகளில் மட்டக்களப்புக்கு முதலில் வந்து சேர்ந்தது ஆங்கிலச் சொல் அன்று. 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோடு ‘வ்ரை’ வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியத்தில் இல்லாமல், கம்பனியின் அனுமதியோடு குடியமர்ந்து தொழில் செய்த ஐரோப்பியர் ‘வ்ரைபேர்கர்’, அதாவது கட்டற்ற நகரத்தார், எனப்பட்டனர். இலங்கையில் இன்று பறங்கியர் என்று தமிழிலும் பேகர் என்று ஆங்கிலத்திலும் அழைக்கப்படும் சமூகத்தின் பெயரில் அச்சொல்லின் பிற்பாதி எஞ்சியிருக்கிறது. அதே கம்பனி, தன் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் முஸ்லிம்களையும் செட்டிகளையும் வேற்றுநாட்டார் என்று வகைப்படுத்தி, அவர்கள்மீது ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையைச் சுமத்தியது. ஊழியம் என்பது ஆண்டில் குறித்த நாட்கள் கூலியின்றி அரசுக்கு உழைப்பது. வசதியுள்ளோர் பணம் செலுத்தி அதிலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் பெண்களை மணந்து, தமிழையே தாய்மொழியாகக் கொண்டிருந்த ஒரு மக்களை ஏட்டில் அந்நியரென்று எழுதியதும் அவர்களிடம் கூலியில்லா வேலை வாங்க முடிந்தது என்பது, பழைய ஜேர்மானிய மனையில் நிலவிய பிரிவினையின் மறுபதிப்பே.

இதற்கு நேர்மாறான செயலொன்று அதற்குச் சற்று முன்னரே நிகழ்ந்திருந்தது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் நாட்டில் இடமளித்து, பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். வந்தவர்கள் இங்கு ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த முஸ்லிம்களோடும், முக்குவர் முதலான தமிழ்ச் சமூகத்தினரோடும் கலந்து வாழ்ந்ததன் தடயம் இப்பகுதியின் குடி வழக்கில் இன்றும் காணப்படுகிறது. ‘குடி’ என்பது தாய்வழியாகத் தொடரும் குலப்பிரிவு. மட்டக்களப்புத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் அது உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேர்கிறது; ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை; குடியின் உட்கிளையை ‘வயிற்றுவார்’ என்பர். ஏறாவூரின் பெயரையும் மரபு இவ்வாறே விளக்குகிறது. முக்குவரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து திமிலர் என்ற சமூகத்தினரைத் துரத்திச் சென்றனர் என்றும், துரத்தப்பட்டோர் மீண்டும் உள்ளே ஏறாதபடி முஸ்லிம்கள் காவல் நின்ற இடமே ஏறாவூர் ஆயிற்று என்றும் வாய்மொழிக் கதை கூறுகிறது. அண்டையிலுள்ள சந்திவெளி, வந்தாறுமூலை ஆகிய ஊர்ப்பெயர்களையும் அக்கதை தன்னோடு இணைத்துக்கொள்கிறது. அது வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. எனினும் இரு சமூகங்களும் தம்மை ஒரே மனையின் காவலராக எண்ணிய ஒரு காலத்தின் நினைவு அதில் தங்கியிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

வயிற்றுவார் என்ற சொல் அடிமை முறையைப் பேசும்போதும் தேவைப்படுகிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அடிமைப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை அடிமையே என்பதுதான் அம்முறையின் அச்சாணி. குடி எவ்வாறு தாய்வழி தொடர்ந்ததோ அவ்வாறே அடிமைத்தளையும் தாய்வழி தொடர்ந்தது. அதை அறுக்க முயன்ற பிரித்தானியர் இதை நன்கு அறிந்திருந்தனர். பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816இல் அடிமை உரிமையாளர் பலர், அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைக் கட்டற்றவர்களாக ஏற்க உடன்பட்டனர். 1821இல் அரசு இன்னொரு வழியை மேற்கொண்டது: தமிழ்ப் பகுதிகளில் அடிமைகளாகக் கொள்ளப்பட்ட சாதியினருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பெண்குழந்தையையும், பிறந்தவுடனேயே அரசு உரிமையாளரிடமிருந்து விலைகொடுத்து விடுவிக்கும் என்று சட்டம் செய்தது. சாதியைப் பொறுத்து விலை இரண்டு அல்லது மூன்று றிக்ஸ் டொலர்கள். பெண்குழந்தை விடுபட்டால் அவள் வயிற்றில் பிறப்போர் அனைவரும் விடுபடுவர் என்பதே அதன் கணக்கு. ‘ஃப்ரீ’ என்ற சொல்லின் ‘கட்டற்ற’ என்ற பொருளையும் ‘விலையற்ற’ என்ற பொருளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் இந்தச் சட்டத்தில் நின்று சிந்திக்க வேண்டும். ஒரு சிசுவின் விடுதலைக்கு விலை இருந்தது. அவ்விலை சிசுவைப் பெற்ற தாயின் கையில் சேராமல், உரிமையாளர் கையில் சேர்ந்தது.

1833இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது என்பதைப் பலர் அறிவதில்லை. இலங்கையில் கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பு நீக்கப்பட்டது. அடிமை முறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்மூலமே முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டம் தளையை அறுத்தாலும் விடுபட்டவருக்கு ஓர் உறவை அளிக்க அதனால் இயலவில்லை. காணியோ கோயில் நுழைவுரிமையோ பள்ளிக்கூடத்தில் சம ஆசனமோ இல்லாமல், பழைய சாதிக் கட்டுக்குள்ளேயே அவர்கள் வாழ நேர்ந்தது. ஆலய நுழைவுக்கும் சம ஆசனத்துக்கும் யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை போராட வேண்டியிருந்தது.

இஸ்லாமிய மரபு இந்தக் குறையை வேறுவகையில் அணுகியது. அடிமையை விடுவித்தல் பாவப் பரிகாரமாகவும் அறச்செயலாகவும் வகுக்கப்பட்டது. ஸகாத் என்ற கட்டாயக் கொடையைப் பெறத் தக்க எட்டு வகையினருள் தளையிலிருந்து விடுபட வேண்டியோரும் அடங்குவர். விடுவிக்கப்பட்டவர் தம்மை விடுவித்த குடும்பத்தோடு ‘மவ்லா’ என்ற உறவால் இணைக்கப்பட்டார். அதாவது அவர் வெளியே தனித்து விடப்படாமல் ஒரு குலத்தின் காவலுக்குள் சேர்க்கப்பட்டார். அடிமையாகத் துன்புற்று, அபூபக்ரால் விலைகொடுத்து விடுவிக்கப்பட்ட பிலால், தொழுகைக்கு அழைக்கும் முதற்குரலாக அமைந்த வரலாற்றை ஏறாவூரில் அறியாத பிள்ளை இல்லை. விடுபட்டவருக்குச் சமூகத்தின் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்ற உணர்வு அவ்வரலாற்றில் இருக்கிறது.

‘ஃப்ரீ’ என்பதற்கு ‘காசின்றிக் கிடைப்பது’ என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்காலத்தில், பதினாறாம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. தடையிலிருந்து நீங்கிய, வரியிலிருந்து நீங்கிய என்ற வழக்குகளின் தொடர்ச்சியாகவே விலையிலிருந்து நீங்கிய என்ற பொருளும் வந்தது. ஆங்கிலத்தில் இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியதால் ஏற்பட்ட குழப்பம் பெரிது. 1980களில் கணினி மென்பொருளை எவரும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டும் என்று இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் பேசுவது உரிமையைப் பற்றி, விலையைப் பற்றியன்று என்பதை விளக்கவே பெருமுயற்சி எடுக்க வேண்டியிருந்தது. தமிழர் அதைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று எழுதியபோது அக்குழப்பம் எழவில்லை. தமிழ் ‘கட்டற்ற’, ‘இலவச’ என்ற இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஆயினும் இலங்கை வரலாற்றில் இவ்விரு பொருளும் உண்மையாகவே ஒன்றுசேர்ந்த இடமொன்று உண்டு. அது கல்வி.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி அமைச்சராக இருந்த சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் இயங்கிய விசேட குழு 1943இல் அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. சுயமொழிப் பாடசாலைகளில் அதற்கு முன்பும் கட்டணம் இருக்கவில்லை. ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளே கட்டணம் வாங்கின. அரச உத்தியோகம், சட்டம், மருத்துவம் ஆகிய கதவுகள் எல்லாம் ஆங்கிலத்தால் பூட்டப்பட்டிருந்த காலத்தில், கட்டணம் என்பது வெறும் பணமாக இருக்கவில்லை. ஏழை விவசாயியின் பிள்ளையையும் மீனவரின் பிள்ளையையும் வாசலிலேயே நிறுத்திவைத்த வேலியாக இருந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீக்கப்பட்டதும், நாட்டின் கிராமப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டதும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வழியாகத் திறமையுள்ள பிள்ளைகள் அவற்றில் சேர்க்கப்பட்டதும் அவ்வேலியைத் தகர்த்தன. ஏறாவூருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள வந்தாறுமூலையில் அமைந்த மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று. அதே ஊரில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நெற்களத்துக்கும் வாவிக்கும் இடையே பிறந்த பிள்ளை, பத்து மைல் எல்லைக்குள்ளேயே முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை கட்டணமின்றிக் கற்க முடிந்தது என்பது சிறிய செய்தி அன்று.

இந்த இலவசத்துக்கும் விலை உண்டு. அதை நாட்டு மக்கள் வரியாகச் செலுத்துகின்றனர். சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூலித்தொழிலாளி கொடுக்கும் வரியிலும் ஒரு பங்கு பல்கலைக்கழக மாணவரின் விரிவுரைக்குச் செல்கிறது. எவர் பிள்ளைக்கோ எல்லோரும் கொடுக்கும் இந்த ஏற்பாடு, ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவரையும் ஒரு மனையின் பிள்ளைகளாகக் கொள்வதாகும். ‘லீபெரி’ என்ற இலத்தீன் சொல்லின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது. 1980 முதல் பாடநூல்களும் அதன்பின் சீருடைத் துணியும் இலவசமாயின. இன்றோ தனியார் ரியூசன் வகுப்புகளுக்குச் செலவழிக்க இயலாத பெற்றோர் தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சும் நிலை வந்திருக்கிறது. நீக்கப்பட்ட கட்டணம் வேறு வாசலால் திரும்பி வருவதைக் கல்வித்துறையினர் வெறும் பழக்கமாகக் கருதி விட்டுவிடுவது தவறு.

அச்சம் என்ற சொல்லுக்கு இப்போது திரும்ப வேண்டும். 1990ஆம் ஆண்டு இப்பகுதியில் அமைதி முற்றாகச் சிதைந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவும் மறுநாள் அதிகாலையும் ஏறாவூரிலும் அதையடுத்த முஸ்லிம் குடியிருப்புகளிலும் ஆயுததாரிகள் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். இக்கொலைகளை விடுதலைப் புலிகள் செய்ததாக உயிர்தப்பியோரும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்துள்ளனர். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களுள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 184 தமிழர் கொல்லப்பட்டனர். ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலைக்குச் செல்லும் அதே நெடுஞ்சாலையில், ஒரே மாத இடைவெளியில், இரு சமூகத்தவரும் தம் அமைதிக்கு வெளியே தள்ளப்பட்டனர். விடுதலை என்ற பெயரில் நடந்த போரில் அயலவர் அந்நியராக்கப்பட்டனர். நாட்டைக் காக்கும் பெயரில் நாட்டின் குடிமக்களே அந்நியராக்கப்பட்டனர். காணாமற்போனோரின் தாய்மாரும் கொல்லப்பட்டோரின் உறவினரும் இன்றும் கேட்பது ஒன்றே: நடந்தது என்னவென்று அரசு உரைக்க வேண்டும், பொறுப்பானோர் விசாரிக்கப்பட வேண்டும். இக்கோரிக்கை இரு சமூகத்துக்கும் பொதுவானது. அதைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஒன்றாகக் கேட்பதே நியாயத்துக்கு வலுச்சேர்க்கும்.

போரும் வறுமையும் இப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோரை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பின. மட்டக்களப்புப் பகுதியில் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதே வழக்கம். மணமகன் அவ்வீட்டுக்குக் குடிவருகிறான். அந்த வீட்டைக் கட்டும் பொறுப்பைச் சுமந்து வாப்பாவோ காக்காவோ, பல வேளைகளில் உம்மாவோ அம்மாவோ, கடல் கடந்து போகின்றனர். அவ்வாறு போவோரிடையே புழங்கும் சொல்தான் ‘பிறீ விசா’. வளைகுடா அரபியிலும் ‘கட்டற்ற விசா’ என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது. எனினும் அவ்வாறான ஒரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. நடப்பது இதுதான்: அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் தம் பெயரில் உள்ள நிறுவனத்துக்கோ வீட்டுக்கோ ஆள் தேவை என்று காட்டி விசா பெறுகிறார், அதை இடைத்தரகர் வழியாக விற்கிறார், பெருந்தொகை கொடுத்து அதை வாங்கிச் செல்பவருக்கு அங்கு வேலை எதுவும் காத்திருப்பதில்லை. எங்கும் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதே ‘பிறீ’ என்பதன் பொருளாக அவருக்குச் சொல்லப்படுகிறது. விசாவில் பெயருள்ள கபீலுக்கு, அதாவது பொறுப்பாளருக்கு, வதிவிட அட்டையான இகாமாவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் அவர் பணம் கொடுக்க வேண்டும். வேறோர் இடத்தில் வேலை செய்து பிடிபட்டால் குற்றவாளி அவரே. கபீல் மனம் மாறி, ஆள் ஓடிவிட்டார் என்று அறிவித்தால், சவூதியில் ‘ஹுறூப்’ எனப்படும் அந்த அறிவிப்பு அவரைச் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் உள்ளாக்கக்கூடும்.

கபீலின் பொறுப்பில் தொழிலாளரை வைக்கும் இம்முறையின் பெயரான ‘கபாலா’ என்ற அரபுச் சொல் பொறுப்பேற்றல் என்று பொருள்படும். அநாதைப் பிள்ளையைத் தம் வீட்டில் ஏற்று வளர்த்தலையும் இஸ்லாமியச் சட்டம் அதே சொல்லால் குறிக்கிறது. உறவற்றவருக்கு உறவாக நிற்றல் என்ற உயர்ந்த கருத்து, உறவற்றவரை உடைமையாக வைத்திருத்தல் என்ற நடைமுறையாகத் திரிந்துவிட்டது. வேலையிடத்தை மாற்ற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியை 2020இல் கத்தார் நீக்கியது. 2021இல் சவூதி அரேபியாவும் அதைத் தளர்த்தியது. ஆயினும் சவூதியின் அச்சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளரும் சாரதிகளும் சேர்க்கப்படவில்லை. மட்டக்களப்பிலிருந்து சென்ற பெண்கள் பெரும்பாலும் வீட்டுப் பணிக்கே சென்றவர்கள். மகளுக்கு வீடு கட்டச் சென்றவர், பிறர் வீட்டில் எவருக்கும் உறவில்லாதவராக, கடவுச்சீட்டைக்கூடத் தம் கையில் வைத்திருக்க இயலாதவராக வாழ நேர்கிறது. ஒல்லாந்தரின் ஊழிய ஏட்டில் எழுதப்பட்ட அந்நியர் என்ற சொல் இங்கு அரபியில் எழுதப்படுகிறது என்றால் அது மிகையாகாது.

ஏறாவூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இப்பயணத்துக்கு ஆயத்தமாவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். ‘பிறீ விசா’ என்று முகவர் சொன்னால், விசாவில் யாருடைய பெயர் முதலாளியாக இருக்கிறது, என்ன தொழில் குறிக்கப்பட்டிருக்கிறது, அத்தொழிலும் அங்கு உண்மையில் செய்யப்போகும் தொழிலும் ஒன்றா என்ற மூன்றையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பமிடுங்கள். 1985ஆம் ஆண்டின் சட்டப்படி நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏற வேண்டாம். பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத முகவரிடம் ஒரு ரூபாயேனும் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே புறப்படுங்கள்.